ஜப்பானின் பொது விடுமுறை நாட்கள்: புதிதாக வருவோருக்கான வழிகாட்டி

ஜப்பானிய நாட்காட்டிகளில் ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர ஆண்டுக்கு 16 நாட்கள் சிவப்பு எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஷுகுஜித்சு எனப்படும் தேசிய விடுமுறைகள் இவையே. 1948 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்றே இவை அனைத்துக்கும் அடிப்படை. அச்சட்டம் ஒவ்வொரு நாளுக்கும் பெயரையும் தேதியையும் வகுப்பதோடு நிற்காமல், அந்த நாளில் மக்கள் எதை நினைக்க வேண்டும் என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அரசு விடுமுறை என்றாலே பண்டிகை என்று பழகிய இந்தியருக்கும், ஒவ்வொரு முழுநிலவு நாளிலும் விடுமுறை கண்ட இலங்கையருக்கும் இந்தப் பட்டியல் முதலில் வியப்பளிக்கும். இதில் சமயப் பண்டிகை எதுவும் பெயரளவில் இல்லை. புத்தர் பிறந்த நாளுக்கு விடுமுறை கிடையாது. டிசம்பர் 25 வழக்கமான வேலை நாள். முன்னோரை வரவேற்க நாட்டில் பெரும்பகுதி சொந்த ஊருக்குப் புறப்படும் ஆகஸ்ட் மாதத்து ஓபோன் நாட்கள்கூடச் சட்டப்படி வேலை நாட்களே.

ஆயினும் சட்டத்தின் எளிய வரிகளுக்கு அடியில் அரண்மனைச் சடங்குகளின் பழைய தேதிகள் பல அப்படியே தங்கியிருக்கின்றன. அவற்றின் பொருளை மூன்றாம் படியில் விரிவாகப் பார்க்கலாம். புதிதாக வந்தவர் அதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துக்கொள்வது நல்லது: விடுமுறை எந்தத் தேதியில் விழுகிறது என்பதைச் சரியாக அறிவது, அந்த விடுமுறை தமக்கு உண்டா என்பதை உறுதிசெய்வது.

முதற்படி: தேதிகளைச் சரியாக அறிதல்

ஜப்பானிய அமைச்சரவை அலுவலகம் நடப்பு ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உரிய விடுமுறைப் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலையே நம்புங்கள். அச்சிட்ட நாட்காட்டியும் பிழையாகலாம் என்பதற்கு 2021ஆம் ஆண்டே சான்று. தள்ளிவைக்கப்பட்ட டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்காகக் கடல் நாள், விளையாட்டு நாள், மலை நாள் ஆகிய மூன்றையும் இடம் மாற்றும் சட்டத் திருத்தம் 2020 நவம்பர் இறுதியில்தான் நிறைவேறியது. அதற்குள் அடுத்த ஆண்டு நாட்காட்டிகள் அச்சாகிக் கடைகளுக்கு வந்துவிட்டிருந்தன.

தேதிகள் நகர்வதற்கு நான்கு விதிகள் உள்ளன. முதலாவது, விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால், அதற்குப் பின் வரும் முதல் விடுமுறையற்ற நாள் அதற்கு ஈடாக விடுமுறையாகும். 1973 முதல் நடைமுறையில் உள்ள இவ்வேற்பாட்டுக்கு ஃபுரிகாஏ கியூஜித்சு என்று பெயர். சனிக்கிழமையில் விழும் விடுமுறைக்கு இத்தகைய ஈடு எதுவும் கிடையாது என்பதைப் புதியவர்கள் பலர் தாமதமாகவே அறிகிறார்கள். 2025இல் மே 3 சனிக்கிழமையாக வந்ததால் அது வீணானது. மே 4 ஞாயிறாக வந்ததால், திங்களன்று இருந்த மே 5 விடுமுறையைத் தாண்டி, மே 6 செவ்வாய் ஈட்டு விடுமுறையாயிற்று.

இரண்டாவது, இரண்டு விடுமுறைகளுக்கு இடையில் ஒரே ஒரு வேலை நாள் சிக்கிக்கொண்டால் அதுவும் விடுமுறையாகிவிடும். இது 1985இல் வந்த திருத்தம். மூன்றாவது, நான்கு விடுமுறைகள் நிலையான தேதியை இழந்து திங்கட்கிழமைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. வயதடைவோர் நாள் ஜனவரி இரண்டாம் திங்களிலும், கடல் நாள் ஜூலை மூன்றாம் திங்களிலும், முதியோரைப் போற்றும் நாள் செப்டம்பர் மூன்றாம் திங்களிலும், விளையாட்டு நாள் அக்டோபர் இரண்டாம் திங்களிலும் வருகின்றன. மூன்று நாள் தொடர் ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காக 2000இலும் 2003இலும் செய்யப்பட்ட மாற்றம் இது. ஓய்வு கிடைத்தது உண்மைதான். ஆனால் தேதியோடு ஒட்டியிருந்த நினைவு பல நாட்களில் உதிர்ந்துபோனது என்பது என் கருத்து.

நான்காவது, பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் இளவேனிற்காலச் சமநாளும் இலையுதிர்காலச் சமநாளும் வானியல் கணக்கைப் பொறுத்தவை. தேசிய வானியல் ஆய்வகம் கணித்துத் தரும் தேதியை முந்தைய ஆண்டின் பிப்ரவரித் தொடக்கத்தில் அரசிதழ் அறிவிக்கிறது. பெரும்பாலும் மார்ச் 20 அல்லது 21 அன்றும், செப்டம்பர் 22 அல்லது 23 அன்றும் அவை விழும்.

இரண்டாம் படி: பணி ஒப்பந்தத்தைப் படித்தல்

நாட்காட்டியில் சிவப்பாக இருப்பதாலேயே ஒரு நாள் உங்களுக்கு ஓய்வு நாளாகிவிடாது. அரசு அலுவலகங்களும் வங்கிகளும் பள்ளிகளும் மூடியிருக்கும். தனியார் நிறுவனம் அன்று விடுமுறை தர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. தொழிலாளர் தரநிலைச் சட்டம் கேட்பது வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, அல்லது நான்கு வாரங்களில் நான்கு நாள் ஓய்வு மட்டுமே. ஆகவே வேலையில் சேரும்போது தரப்படும் பணி நிபந்தனை அறிவிப்பில் விடுமுறைப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். அதில் "தோ நிச்சி ஷுகு" என்று இருந்தால் சனி, ஞாயிறு, பொது விடுமுறை மூன்றும் ஓய்வு என்று பொருள்.

வேலை விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் இரண்டு தொடர்கள் ஒன்றுபோலத் தோன்றி ஏமாற்றும். "கன்சென் ஷூகியூ ஃபுட்சுகா செய்" என்றால் ஒவ்வொரு வாரமும் இரண்டு நாள் ஓய்வு. முன்னொட்டு இல்லாமல் "ஷூகியூ ஃபுட்சுகா செய்" என்று மட்டும் இருந்தால், மாதத்தில் ஏதாவது ஒரு வாரமாவது இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும் என்பதே அதன் உறுதிமொழி. மற்ற வாரங்களில் ஒரு நாளே கிடைக்கலாம். சந்தேகம் இருந்தால் "நென்கான் கியூஜித்சு" என்ற ஆண்டு மொத்த ஓய்வு நாள் எண்ணிக்கையைப் பாருங்கள். 52 வார இறுதிகளுக்கு 104 நாட்கள், பொது விடுமுறைக்கு 16 நாட்கள் என்று கூட்டினால் 120 வரும். எண் 105ஐ ஒட்டி இருந்தால் பொது விடுமுறைகளில் பெரும்பாலானவை உங்களுக்கு இல்லை என்று கொள்ளலாம்.

உற்பத்தித் துறையில் சேருபவர்கள் இன்னொரு வழக்கத்தையும் எதிர்பார்க்க வேண்டும். டொயோட்டா போன்ற நிறுவனங்கள் ஆண்டின் நடுவே வரும் ஒற்றை விடுமுறைகளில் தொழிற்சாலையை இயக்கிவிட்டு, அந்த நாட்களை மே மாதத் தொடக்கத்திலும் ஆகஸ்டிலும் புத்தாண்டிலும் சேர்த்து நீண்ட ஓய்வாகத் தருகின்றன. அவற்றுக்குப் பாகங்கள் வழங்கும் நிறுவனங்களும் பெரும்பாலும் அதே நாட்காட்டியையே பின்பற்றுகின்றன.

மாணவர்களுக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. விடுமுறைகள் திங்கட்கிழமையிலேயே குவிவதால் திங்கள் வகுப்புகளின் எண்ணிக்கை குறைகிறது. அதை ஈடுகட்டப் பல பல்கலைக்கழகங்கள் சில பொது விடுமுறைகளில் வகுப்பு நடத்துகின்றன. பகுதிநேர வேலைக்கான வாரம் 28 மணி நேர வரம்பும் பொது விடுமுறை என்பதற்காகத் தளராது. கல்வி நிறுவன விதிகளில் குறிக்கப்பட்ட நீண்ட விடுமுறைக் காலத்தில் மட்டுமே நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

மூன்றாம் படி: நாட்களின் பொருளை அறிதல்

ஜனவரி 1 புத்தாண்டு நாள். சட்டப்படி விடுமுறை அந்த ஒரு நாள் மட்டுமே என்றாலும், வழக்கத்தில் 3ஆம் தேதி வரை நாடு அடங்கியிருக்கும். மக்கள் ஷின்தோ என்னும் ஜப்பானிய மரபுச் சமயத்தின் ஆலயங்களுக்கும் பௌத்தக் கோயில்களுக்கும் ஆண்டின் முதல் வழிபாட்டுக்குச் செல்வார்கள். அடுக்குப் பெட்டிகளில் ஓசேச்சி என்னும் புத்தாண்டு உணவு இருக்கும். குழந்தைகளுக்குச் சிறிய உறையில் பணம் தரப்படும். வாழ்த்துச் சொல்வதிலும் ஒரு முறை உண்டு. டிசம்பர் இறுதியில் "யோய் ஓதோஷி ஓ" என்றும், ஆண்டு பிறந்த பிறகே "அகேமாஷிதே ஓமேதேதோ கோசாய்மாசு" என்றும் சொல்ல வேண்டும். வாழ்த்து அட்டைகளை டிசம்பர் 25க்குள் அஞ்சலில் சேர்த்தால் ஜனவரி 1 அன்று வீட்டுக்கு வந்து சேரும். குடும்பத்தில் இறப்பு நேர்ந்தவர்கள் அந்த ஆண்டு வாழ்த்து அனுப்புவதில்லை. அதை முன்கூட்டியே ஓர் அட்டையில் தெரிவிப்பார்கள். அவ்வாறு தெரிவித்தவருக்கு நீங்களும் புத்தாண்டு வாழ்த்து அனுப்பாமல் இருப்பதே மரியாதை.

ஜனவரி இரண்டாம் திங்களில் வரும் வயதடைவோர் நாளில் நீண்ட கை கொண்ட ஃபுரிசோதே கிமோனோ அணிந்த இளம்பெண்களை ரயில் நிலையமெங்கும் காணலாம். 2022 ஏப்ரலில் சட்டப்படி பெரியவராகும் வயது 18ஆகக் குறைக்கப்பட்ட பிறகும், பெரும்பாலான நகராட்சிகள் 20 வயதினருக்கே விழா நடத்துகின்றன. 18 வயதில் பலரும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருப்பார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம்.

பிப்ரவரி 11 நாட்டின் தோற்றத்தை நினைக்கும் நாள். "நிஹோன் ஷோகி" என்ற பழைய வரலாற்று நூல், முதல் பேரரசரான ஜின்மு கி.மு. 660இல் அரியணை ஏறினார் என்கிறது. அந்தத் தேதியை 19ஆம் நூற்றாண்டு மெய்ஜி அரசு புதிய நாட்காட்டிக்கு மாற்றிக் கணித்தபோது கிடைத்ததே பிப்ரவரி 11. இரண்டாம் உலகப் போருக்கு முன் கிகென்செட்சு என்ற பெயரில் கொண்டாடப்பட்டு, 1948 சட்டத்தில் விடுபட்டு, நீண்ட விவாதத்துக்குப் பின் 1966இல் வேறு பெயருடன் மீண்டும் இடம்பெற்றது. ஜின்முவை வரலாற்று மனிதராக ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. இந்நாளை ஆதரித்தும் எதிர்த்தும் இன்றும் கூட்டங்கள் நடக்கின்றன. ஆகவே அலுவலகத்தில் இதைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் கேட்டுக்கொள்வதே புதியவருக்கு வசதி.

பிப்ரவரி 23 பேரரசர் நருஹிதோவின் பிறந்த நாள். அரியணை மாறினால் இந்த விடுமுறையும் மாறும். முந்தைய பேரரசரின் பிறந்த நாளான டிசம்பர் 23 இப்போது வேலை நாளாகிவிட்டது; அரியணை மாறிய 2019ஆம் ஆண்டில் இரண்டு தேதிகளும் கணக்கில் வராததால் பேரரசர் பிறந்த நாளே இல்லாமல் போயிற்று. இந்நாளிலும் ஜனவரி 2 அன்றும் டோக்கியோ அரண்மனை வளாகத்தில் பொதுமக்கள் பேரரசர் குடும்பத்தைக் காணும் நிகழ்ச்சி நடப்பது வழக்கம். போவதற்கு முன் அரண்மனை நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச், செப்டம்பர் மாதச் சமநாட்களைச் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். சட்டம் இளவேனிற்காலச் சமநாளுக்கு இயற்கையைப் போற்றுதல், உயிர்களிடம் அன்பு காட்டுதல் என்ற நோக்கத்தையும், இலையுதிர்காலச் சமநாளுக்கு முன்னோரைப் போற்றி மறைந்தோரை நினைவுகூர்தல் என்ற நோக்கத்தையும் தருகிறது. போருக்கு முன் இவ்விரு நாட்களும் பேரரசரின் மூதாதையருக்கு அரண்மனையில் வழிபாடு நடந்த நாட்கள். மக்கள் வழக்கிலோ, சமநாளுக்கு முன் மூன்று, பின் மூன்று எனச் சேர்த்து ஏழு நாட்கள் ஹிகான் எனப்படும் பௌத்த அனுசரிப்புக் காலம். குடும்பத்தோடு கல்லறைக்குச் சென்று கழுவிப் பூ வைத்து, சிவப்புப் பயறு விழுது பூசிய பசையரிசி உருண்டையைப் படைப்பார்கள். மஹாளய அமாவாசைக்கு முன்னோரை நினைப்பவர்களுக்கு இந்த நாளின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் இறுதியும் மே தொடக்கமும் சேர்ந்த தொடர் விடுமுறைக்குக் கோல்டன் வீக் என்று பெயர். ஏப்ரல் 29, ஹிரோஹிதோ எனப்படும் ஷோவா பேரரசர் பிறந்த தேதி. அவர் இருந்தவரை பேரரசர் பிறந்த நாளாகவும், 1989இல் அவர் மறைந்த பின் பசுமை நாளாகவும், 2007 முதல் ஷோவா நாளாகவும் ஒரே தேதி மூன்று பெயர்களில் விடுமுறையாகவே நீடித்துவருகிறது. பசுமை நாள் மே 4க்கு நகர்ந்தது; அன்று டோக்கியோவில் உஎனோ விலங்கியல் பூங்காவுக்கும் ஹமாரிகியூ தோட்டத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. மே 3 அரசியலமைப்பு நாள், 1947இல் இன்றைய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததை நினைவூட்டுவது. மே 5 குழந்தைகள் நாள். துணியால் செய்த கெண்டை மீன் கொடிகள் பறப்பதும், வீட்டில் போர்வீரர் தலைக்கவசம் வைப்பதும் ஆண் குழந்தைகளுக்கான பழைய விழாவிலிருந்து வந்தவை. சட்டமோ பொதுவாகக் குழந்தைகளின் ஆளுமையை மதிக்கச் சொல்லி, அதோடு தாய்க்கு நன்றி செலுத்தவும் சொல்கிறது. இந்தக் கடைசிப் பகுதியை ஜப்பானியரிலேயே பலர் அறிந்திருப்பதில்லை.

ஜூன் மாதத்தில் விடுமுறையே இல்லை. ஜூலையில் வரும் கடல் நாள், 1876இல் மெய்ஜி பேரரசர் மெய்ஜி மாரு என்ற கப்பலில் வடகிழக்குப் பயணம் முடித்து ஜூலை 20 அன்று யோகோஹாமா திரும்பியதிலிருந்து பிறந்தது. ஆகஸ்ட் 11 மலை நாள் 2016இல்தான் தொடங்கியது. அதன் பின்னே வரலாற்று நிகழ்வு எதுவும் இல்லை. ஓபோனை ஒட்டி வருவதால் நீண்ட ஓய்வுக்கு உதவுகிறது, அவ்வளவே. முதியோரைப் போற்றும் நாள், ஹியோகோ மாகாணத்து நோமாதானி என்ற சிற்றூர் 1947இல் செப்டம்பர் 15 அன்று தன் முதியவர்களுக்கு எடுத்த விழாவிலிருந்து நாடு முழுவதும் பரவியது. விளையாட்டு நாள், 1964 டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய அக்டோபர் 10இன் நினைவு.

நவம்பரின் இரண்டு விடுமுறைகளே பெயருக்கும் வேருக்கும் உள்ள தூரத்தை மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. நவம்பர் 3 பண்பாட்டு நாள். சுதந்திரத்தையும் அமைதியையும் நேசித்துப் பண்பாட்டை வளர்ப்பது அதன் நோக்கம் என்கிறது சட்டம். அன்று அரண்மனையில் பண்பாட்டு விருது வழங்கப்படுகிறது. போருக்கு முன் அதே தேதி மெய்ஜி பேரரசரின் பிறந்த நாளாகக் கொண்டாடப்பட்டது. 1946இல் புதிய அரசியலமைப்பு அந்தத் தேதியில் வெளியிடப்பட்டு, சரியாக ஆறு மாதம் கழித்து மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 23 உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள். பெயரைக் கேட்டு மே தினம் போன்றது என்று எண்ணிவிட வேண்டாம். அது பேரரசர் புத்தரிசியைத் தெய்வங்களுக்குப் படைத்துத் தாமும் உண்ணும் நீனாமே சடங்கின் நாள். போருக்குப் பின் ஷின்தோ சமயம் அரசிலிருந்து பிரிக்கப்பட்டபோது பெயர் மாறியது. சடங்கு இன்றும் அதே நாள் மாலையில் அரண்மனைக்குள் நடக்கிறது. மழலையர் பள்ளிப் பிள்ளைகள் காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் படம் வரைந்து கொடுத்து நன்றி சொல்லும் வழக்கமும் இந்நாளை ஒட்டி உண்டு.

நான்காம் படி: நீண்ட விடுமுறையைத் திட்டமிடுதல்

நாடே ஒரே நேரத்தில் நகரும் காலங்கள் மூன்று: கோல்டன் வீக், ஓபோன், ஆண்டு இறுதி. இக்காலங்களில் தொக்காய்தோ, சான்யோ அதிவேக ரயில் வழித்தடங்களின் நோசோமி வண்டிகளில் முன்பதிவில்லா இருக்கைகளே கிடையாது. 2023 ஆண்டு இறுதியில் தொடங்கிய ஏற்பாடு இது. பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன், காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கும். ஊர் சுற்றுவதற்கு உங்களுக்கு வேறு தேதி வாய்க்குமானால், இந்த வாரங்களைத் தவிர்ப்பதே என் பரிந்துரை. விடுதிக் கட்டணமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

2026ஐ எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஏப்ரல் 29 புதன். மே 2 சனி முதல் ஈட்டு விடுமுறையான மே 6 புதன் வரை ஐந்து நாட்கள். இடையிலுள்ள வியாழன், வெள்ளி இரண்டுக்கும் விடுப்பு எடுத்தால் எட்டு நாட்கள் தொடர்ந்து கிடைக்கும். செப்டம்பரில் 21 திங்கள் முதியோர் நாள், 23 புதன் சமநாள். இடையில் சிக்கிய 22ஆம் தேதியும் விடுமுறையாவதால் சனிக்கிழமை முதல் ஐந்து நாள் ஓய்வு. சில்வர் வீக் எனப்படும் இந்த அமைப்பு எல்லா ஆண்டும் வராது. இதற்கு முன் 2009இலும் 2015இலும் வந்தது.

ஊதியத்துடன் கூடிய விடுப்பு, பணியில் சேர்ந்து ஆறு மாதம் முடிந்து, வேலை நாட்களில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் வருகை இருந்தால் 10 நாட்கள் கிடைக்கும். 2019 ஏப்ரல் முதல், அவற்றில் குறைந்தது ஐந்து நாட்களை ஊழியர் எடுத்துக்கொள்வதை உறுதிசெய்வது நிறுவனத்தின் கடமை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓய்வு வேண்டுவோர் இந்தக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குள் பண்டிகை வந்தால் மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். காரணம் சொல்லும் கட்டாயம் இல்லாவிட்டாலும், பண்டிகை என்று சொன்னால் பெரும்பாலும் ஆர்வத்தோடு கேட்பார்கள்.

ஐந்தாம் படி: அன்றாட ஏற்பாடுகள்

பொது விடுமுறையில் ரயில்கள் வார இறுதி கால அட்டவணைப்படி ஓடும். சில பேருந்துகளில் சனிக்கிழமைக்கு ஒன்று, ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் ஒன்று என அட்டவணை பிரிந்திருப்பதால் நிறுத்தத்தில் உள்ள பலகையைக் கவனித்துப் படியுங்கள். திங்களன்று மூடும் அருங்காட்சியகங்கள், அந்தத் திங்கள் விடுமுறையானால் பெரும்பாலும் திறந்திருந்து மறுநாள் செவ்வாயன்று மூடிவிடும்.

சம்பள நாள் விடுமுறையில் விழுந்தால் பல நிறுவனங்கள் முந்தைய வேலை நாளிலேயே பணத்தைச் செலுத்திவிடும். வாடகை, மின்கட்டணம் போன்ற தானியங்கிப் பிடித்தங்களோ பெரும்பாலும் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். கணக்கில் இருக்கும் மிச்சத்தைச் செலவழிப்பதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள். வங்கிகள் டிசம்பர் 31 முதல் ஜனவரி 3 வரை மூடியிருக்கும். பல தானியங்கிப் பண இயந்திரங்களில் விடுமுறை நாட்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

குப்பை சேகரிப்பு ஊருக்கு ஊர் மாறுபடும். பொது விடுமுறையிலும் வண்டி வரும் நகராட்சிகள் உண்டு, வராதவையும் உண்டு. ஆண்டு இறுதியில் சில நாட்கள் நின்றுவிடும். வட்டார அலுவலகம் தரும் குப்பை நாட்காட்டியில் இது தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

பெரும்பாலான மருத்துவமனைகளும் சிகிச்சையகங்களும் விடுமுறையில் புறநோயாளிகளைப் பார்ப்பதில்லை. முறைவைத்துத் திறக்கும் விடுமுறைச் சிகிச்சையகங்களின் பட்டியல் நகராட்சியின் மாத இதழிலும் இணையதளத்திலும் வரும். ஆம்புலன்ஸ் அழைப்பதா என்ற குழப்பம் இருந்தால், சேவை உள்ள பகுதிகளில் #7119 எண்ணில் ஆலோசனை கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் தயங்காமல் 119ஐ அழையுங்கள். தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகளைக் கோல்டன் வீக்குக்கும் புத்தாண்டுக்கும் முன்பே வாங்கிவையுங்கள்.

அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை இயங்கா. மை நம்பர் என்னும் அடையாள எண் அட்டையைக் கொண்டு வசதிக் கடைகளில் (கன்வீனியன்ஸ் ஸ்டோர்) சான்றிதழ் எடுக்கும் சேவையும் அந்த நாட்களில் கிடைக்காது. வசிப்பு அனுமதியின் காலம் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால், முடிவதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். உங்கள் அனுமதி ஜனவரித் தொடக்கத்திலோ மே முதல் வாரத்திலோ முடிவதானால், நவம்பரிலோ மார்ச்சிலோ விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்; விடுமுறைக்கு முந்தைய வாரத்திலும் பிந்தைய வாரத்திலும் குடிவரவு அலுவலக வரிசை மிக நீளமாக இருக்கும்.